கல்யாணி திரும்பி நிற்கிறாள்

ஜூலை 3, வியாழன்

தொண்டை டாக்டர் இன்று என் வாயைக் கட்டிவிட்டார். ஸ்டூடியோ நேரம் போக மற்ற நேரமெல்லாம் பேசக் கூடாதாம். கிசுகிசுக்கவும் கூடாதாம். ஒரு மாதத்துக்கு இதுதான் மருந்து. வீட்டில் யாரோடு இவ்வளவு பேசுகிறீர்கள் என்று கேட்டார். தனியாக இருக்கிறேன், குக்கரோடும் துணி காயப்போடும் கொடியோடும் பேசுவேன் என்று சொல்ல வெட்கமாக இருந்தது. வரும் வழியில் இந்த நோட்டை வாங்கினேன். பேசாமல் இருந்தால் எனக்கு ஜுரம் வந்துவிடும்.

நோட்டுக்கு என்னைத் தெரியாதே, சொல்லிவிடுகிறேன். பெயர் குமுதவல்லி. வயது நாற்பத்தொன்று. சாலிகிராமத்தில் மாடி போர்ஷன். 'மாங்கல்ய மழை' தொடரில் வரும் நித்யகல்யாணிக்குக் குரல் கொடுக்கிறேன். திரையில் தெரிகிற பெண் சம்ரிதா. மைசூர்க்காரி, இருபத்து மூன்று வயது, தமிழ் அரைகுறை. அவள் உதட்டை அசைக்கிறாள், நான் பேசுகிறேன். கண்ணீர் அவளுடையது, கேவல் என்னுடையது. இரண்டு வருஷமாக ஒரே பெண்ணாக இருக்கிறோம், ஒருமுறைகூட நேரில் பார்த்ததில்லை.

என் சொந்தக் குரல் கட்டைக் குரல். தொடர்களில் கட்டைக் குரல் வில்லிக்குத்தான். நல்லவள் என்றால் எட்டாம் வகுப்புப் பெண் மாதிரிக் கீச்சென்று பேச வேண்டும். கல்யாணி ரொம்ப ரொம்ப நல்லவள். என் தொண்டை வீங்கியதற்கு அவள் நல்ல குணம்தான் காரணம்.

ஜூலை 4, வெள்ளி

பழைய சவுண்ட் என்ஜினியர் துபாய் போய்விட்டார். புதிதாக வந்திருப்பது ஒரு பெண். பெயர் பெர்சிட்டா, ஊர் நாகர்கோவில், என்னைவிட இரண்டு மூன்று வயது சின்னவளாக இருக்கலாம். பதினெட்டு வருஷமாக நான் மைக்குக்கு முன்னால் நிற்கிறேன். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் கன்சோலில் ஒரு பெண் உட்கார்ந்து பார்த்ததில்லை.

டப்பிங் இன்சார்ஜ் பரமேஸ்வரன் சாருக்குக் கவலை. பெண் பிள்ளையால் ஒயர் மூட்டையெல்லாம் தூக்க முடியுமா என்று என்னிடம் கேட்டார். அவர் கேட்டு முடிப்பதற்குள் அவள் இரண்டு மூட்டையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு எங்களைத் தாண்டிப் போனாள்.

முதல் அழுகை முடிந்ததும் டாக்-பேக்கில் அவள் குரல் என் ஹெட்போனுக்குள் வந்தது.

"அழுகை நல்லாருக்கு மேடம். ஆனா அழுகைக்கு முன்னாடியே மூக்கை உறிஞ்சிட்டீங்க பாத்துக்கிடுங்க."

திரும்பப் போட்டுக் கேட்டேன். உண்மைதான். இத்தனை வருஷமாக இப்படித்தான் அழுதிருக்கிறேன் போலிருக்கிறது. ஒருவரும் கவனிக்கவில்லை.

சாம்பல் நிறச் சட்டை, கையை முழங்கை வரை மடித்திருந்தாள். இதை எதற்கு எழுதுகிறேன் என்று தெரியவில்லை. நோட்டில் இடம் இருக்கிறது, எழுதினேன்.

ஜூலை 6, ஞாயிறு

வத்தக்குழம்பு வைத்தேன். புளி அதிகம். தலைக்குக் குளித்தேன். ஞாயிற்றுக்கிழமை ஏன் இவ்வளவு நீளமாக இருக்கிறது?

ஜூலை 8, செவ்வாய்

கல்யாணிக்கு இன்று முதலிரவு. கல்யாணமாகி ஒன்றரை வருஷம் ஆகிறது. ஜோசியர் சொன்ன ஏதோ தோஷத்தால் தள்ளிக்கொண்டே போய், போன எபிசோடில்தான் தோஷம் விலகியது. தாளில் இப்படி இருந்தது: வெட்கச் சிரிப்பு, சிணுங்கல், மறுபடி வெட்கச் சிரிப்பு, பெருமூச்சு. முத்தச் சத்தத்துக்கு என் புறங்கையை நானே முத்தமிட்டுக்கொள்ள வேண்டும். என் புறங்கையைப் போல முத்தம் வாங்கிய புறங்கை கோடம்பாக்கத்திலேயே கிடையாது.

இப்படிப்பட்ட நாட்களில் கன்சோல் அறையில் கூட்டம் சேரும். ஆபீஸ் கணக்கர், பக்கத்து டப்பிங் தியேட்டர் ஆட்கள் எல்லோருக்கும் அன்றைக்குத்தான் அங்கே வேலை வரும். நான் சிணுங்குவேன், அவர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொள்வார்கள். பதினெட்டு வருஷமாக அதைப் பார்க்காதது மாதிரி நடிக்கவும் கற்றுக்கொண்டிருக்கிறேன்.

பெர்சிட்டா இன்று எல்லோரையும் வெளியே அனுப்பினாள். ஆள் கூடினால் லைனில் இரைச்சல் ஏறுகிறது என்றாள். அப்படி ஒரு இரைச்சல் உலகத்திலேயே கிடையாது. பரமேஸ்வரன் சார்கூட நம்பி எழுந்து போனார்.

பிறகு என்னிடம் ஒரு கேள்வி கேட்டாள். "கல்யாணிக்கு இது பிடிச்சிருக்கா மேடம்?"

நான் தாளைப் பார்த்தேன். ஆதித்யன், அதாவது கல்யாணியின் புருஷன், நெருங்குகிறான், தொடுகிறான், விளக்கை அணைக்கிறான் என்று எல்லாம் இருந்தது. அவளுக்குப் பிடித்திருக்கிறதா என்று எங்கும் இல்லை. எனக்குத் தெரியவில்லை என்றேன்.

"பிடிச்சிருக்குன்னு வச்சுக்கிட்டு ஒண்ணு எடுப்பமா? வெட்கமே இல்லாம. ஆசைப்பட்டவ சிரிக்கிற மாதிரி."

எடுத்தோம். மைக்கைப் பார்த்துத்தான் சிரித்தேன், கண்ணாடியைப் பார்க்கவில்லை. சிரித்து முடித்ததும் காது சுட்டது. பரமேஸ்வரன் சார் வந்து கேட்டுவிட்டு, இவ்வளவு சந்தோஷப்பட்டால் குடும்பப் பெண் மாதிரி இல்லையே என்று பழைய வெட்கச் சிரிப்பையே ஓகே செய்தார்.

எனக்கும் கல்யாணம் ஆனது. இருபத்தாறு வயதில், நான்கு வருஷம். அவர் நல்ல மனிதர். கை நீட்டியதில்லை, குடித்ததில்லை, சமையலைக் குறை சொன்னதில்லை. பிறகு ஏன் பிரிந்தாய் என்று இன்றுவரை எல்லோரும் கேட்கிறார்கள். ராத்திரி விளக்கை அணைத்ததும் நான் மனசுக்குள் மளிகைச் சாமான் பட்டியல் போட ஆரம்பித்துவிடுவேன் என்பதை எப்படிச் சொல்வது? துவரம் பருப்பு, சீரகம், பெருங்காயம். அவருக்கும் பாவம், எனக்கும் பாவம். எனக்கு அந்த உணர்ச்சியே கடவுள் வைக்கவில்லை என்று நினைத்துக்கொண்டேன். அப்படியே பழகிவிட்டது.

ஜூலை 9, புதன்

மழை. கரண்ட் இல்லாததால் டப்பிங் ரத்து. பெர்சிட்டா ராயபுரத்திலிருந்து பஸ்ஸில் வருகிறவள். குடை கொண்டுவந்திருப்பாளோ என்னவோ.

ஜூலை 11, வெள்ளி

இன்று அறை வாங்கினேன். கல்யாணி தையல் வகுப்பு முடிந்து வீட்டுக்கு லேட்டாக வருகிறாள். ஆதித்யன் மொத்தக் குடும்பத்துக்கும் முன்னால் அறைகிறான். அறைச் சத்தம் எபெக்ட்ஸ்காரர் போட்டுக்கொள்வார், 'ஹக்' என்று மூச்சு நின்று போவது மட்டும் என் வேலை. அதற்கு நான் வயிற்றில் என் கையால் குத்திக்கொள்வேன். ஆறு டேக் ஆனது. வயிறு இன்னும் வலிக்கிறது.

அடி வாங்கிய பிறகு கல்யாணி ஜன்னல் பக்கம் திரும்பி நிற்கிறாள். பேக் ஷாட். முதுகும் பின்னலும்தான் தெரியும். அப்போது அவள் சொல்ல வேண்டியது: "நீங்க அடிச்சாலும் அணைச்சாலும் நீங்கதாங்க என் தெய்வம்." மூன்று டேக் சொன்னேன். மூன்றாவது ஓகே.

எங்கள் தொழிலில் ஒரு பழக்கம் உண்டு. கனமான காட்சி முடிந்ததும் தொண்டையை லேசாக்க ஒரு ஜாலி டேக் எடுப்போம். வாய்க்கு வந்ததைப் பேசிச் சிரித்துவிட்டு அழித்துவிடுவோம். அதுவும் பேக் ஷாட் என்றால் கேட்கவே வேண்டாம், உதடு தெரியாததால் எதைச் சொன்னாலும் பொருந்தும். பரமேஸ்வரன் சார் மாத்திரை போடப் போயிருந்தார். வயிற்றைத் தடவிக்கொண்டே என் கட்டைக் குரலில் சொன்னேன்:

"இன்னொரு வாட்டி கை ஓங்குனீங்கன்னா, ஆஸ்பத்திரிக்கு நீங்களே ஆட்டோ புடிச்சுப் போய்க்கணும். நான் தையல் கிளாஸுக்குப் போறேன்."

பெர்சிட்டா கன்சோலில் தலையை வைத்துச் சிரித்தாள். அவள் தோள் குலுங்குவது மட்டும் தெரிந்தது. அவளை இப்படிச் சிரிக்கவைக்க இன்னும் நூறு அறை வாங்கலாம் போலிருந்தது. கல்யாணி வசனம் மாதிரி இருக்கிறதே. இந்த வரியை அடித்துவிடலாமா? வேண்டாம், இருக்கட்டும்.

ஜூலை 14, திங்கள்

துணியைப் பாதி மடித்தபடி போட்டுவிட்டு எழுதுகிறேன், எழுத்து கோணலாக இருக்கும்.

எட்டு மணிக்குக் கீழ்வீட்டில் 'மாங்கல்ய மழை' ஓடியது. வீட்டுக்கார பாக்கியம் அம்மா தினமும் கல்யாணியோடு சேர்ந்து அழுகிறவர். நான்தான் கல்யாணியின் குரல் என்று அவரிடம் சொன்னதில்லை. சொன்னால் வாடகை கேட்க வரும்போதெல்லாம் அழுது காட்டச் சொல்வார். நான் மாடியில் துணி மடித்துக்கொண்டிருந்தேன். அறைச் சத்தம் கேட்டது. என் 'ஹக்' கேட்டது. பிறகு என் கட்டைக் குரல் கேட்டது. ஆஸ்பத்திரி. ஆட்டோ. தையல் கிளாஸ்.

ஜாலி டேக் ஒளிபரப்பாகிவிட்டது.

கீழே டிவி சத்தம் கூடியது. பிறகு பாக்கியம் அம்மா சிரித்தார். சிரித்து, இருமி, மறுபடி சிரித்தார். முட்டிவலியோடு படியேறி வந்து என் கதவைத் தட்டினார்.

"குமுதா, பாத்தியா? கேட்டுட்டாம்மா. ரெண்டு வருஷம் கழிச்சு அந்தப் பொண்ணு வாயத் தொறந்து கேட்டுட்டா. அப்படியே உன் குரல் மாதிரியே இருந்துச்சு."

தன் புருஷன் போய்ச் சேர்ந்து பதினோரு வருஷம் ஆகிறது, இருந்திருந்தால் இன்றைக்கு உட்காரவைத்துப் பார்க்கச் சொல்லியிருப்பேன் என்றார். கண்ணைத் துடைத்துக்கொண்டே இறங்கிப் போனார். டாக்டர் பேச்சைக் கேட்டு நான் வாயைத் திறக்கவில்லை.

பயமாக இருக்கிறது. வேலை போய்விடும். ஆனால் உள்ளுக்குள் இன்னொன்றும் இருக்கிறது. அதைச் சந்தோஷம் என்றுதான் சொல்ல வேண்டும்.

ஜூலை 15, செவ்வாய்

விசாரணை. தயாரிப்பாளர் ஆபீஸிலிருந்து பரமேஸ்வரன் சாருக்குக் காலையிலிருந்து போன். மனிதர் ஒரு நாளைக்குள் இளைத்துவிட்டார். வேண்டுமென்றே செய்தது யார் என்று தெரிந்தாக வேண்டும், அந்த ஆள் வெளியே போயாக வேண்டும்.

பெர்சிட்டா நிதானமாகப் பதில் சொன்னாள். எபிசோட் அவசரத்தில் டேக் மூன்றுக்குப் பதில் நான்கு போய்விட்டது, தப்பு தன்னுடையது, அனுப்புவதானால் தன்னை அனுப்பட்டும் என்றாள். நான் இடையில் புகுந்து, பேசியது நான், அவள் வெறுமனே பதிவு செய்தாள் என்றேன். அவர் எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, இப்படி ஆளாளுக்குப் பழியைப் பிடுங்கிக்கொள்வதை இந்தத் தொழிலில் இப்போதுதான் பார்க்கிறேன் என்றார்.

முடிவு இது. தப்பு பெர்சிட்டாவுக்கு முதல் எச்சரிக்கையாக எழுதப்படும். எனக்குத்தான் கண்டம். இரண்டு வாரத்தில் கல்யாணி புருஷனிடம் மன்னிப்புக் கேட்கும் காட்சி வரும். நடந்ததைச் சரிக்கட்டத்தான் அந்தக் காட்சியே. அதை நான் தாளில் உள்ளபடி, கீச்சுக் குரலில், எழுத்துப் பிசகாமல் பேச வேண்டும். பேசினால் கல்யாணி என்னிடம் இருப்பாள். இல்லையென்றால் வேறொரு பெண்ணை வாய்ஸ் டெஸ்ட்டுக்குக் கூப்பிட்டு அன்றைக்கே மாற்றிவிடுவார்கள். இனி ஒவ்வொரு டேக்குக்கும் பரமேஸ்வரன் சார் பக்கத்திலேயே உட்காருவார், மாத்திரையை உள்ளேயே போட்டுக்கொள்வார்.

கல்யாணி போனால் எனக்கு வேறு நாயகி கிடைக்க மாட்டாள். இந்த வயதில் மாமியார் குரலுக்குத்தான் கூப்பிடுவார்கள். எனக்குக் கல்யாணி வேண்டும். எவ்வளவு அசடாக இருந்தாலும் அவள் என்னுடையவள்.

ஒன்று மட்டும் இடிக்கிறது. கடுகளவு மூக்குறிஞ்சலைக்கூடப் பிடிக்கிற பெர்சிட்டா எப்படி டேக்கை மாற்றி அனுப்பினாள்? சரி, மனிதர்கள்தானே, தப்பு வருவதுதான்.

ஜூலை 17, வியாழன்

வியாழக்கிழமை ரேட்டிங் வரும் நாள். தொடர் ஆரம்பித்ததிலிருந்து இவ்வளவு வந்ததில்லையாம். குடும்பங்களைக் கெடுக்கிறீர்கள் என்று சேனலுக்குக் கடிதங்களும் வந்திருக்கின்றன. பரமேஸ்வரன் சாருக்கு எதை நம்புவது என்று தெரியவில்லை. மன்னிப்புக் காட்சி உறுதி, அதில் மாற்றமில்லை என்றார்.

ஷேர் ஆட்டோவில் வந்தேன். டிரைவர் முன்னால் போன பஸ்ஸை இடிக்கிற மாதிரி வண்டியை நெருக்க, பக்கத்தில் பூக்கூடையோடு இருந்த அம்மா, ஆஸ்பத்திரிக்கு நீயே ஆட்டோ பிடித்துப் போய்க்கணும் என்று அதட்டினார். ஆட்டோவே சிரித்தது. அது நான் பேசியது என்று கத்த வேண்டும் போலிருந்தது. இருமிச் சமாளித்தேன்.

ஜூலை 19, சனி

சம்ரிதா போன் செய்தாள். பெர்சிட்டாதான் நம்பர் கொடுத்திருக்கிறாள்.

"மேடம், நான் கல்யாணி பேசறேன். இல்ல, நீங்கதான் கல்யாணி. நான் சும்மா முகம்."

இவ்வளவு தமிழும் அவளே பேசினாள். மீதியைக் கன்னடமும் தமிழும் கலந்து சொன்னாள். அன்றைக்கு அறை நிஜமாகவே பட்டுவிட்டதாம். நடிகன் கை தவறிவிட்டது, மன்னிப்பும் கேட்டான், ஆனால் ஷாட் நன்றாக வந்ததென்று எல்லோரும் கைதட்டினார்களாம். கன்னம் வலிக்க வலிக்க ஜன்னல் பக்கம் திரும்பி நின்றிருக்கிறாள். வீட்டில் அம்மாவோடு எபிசோடைப் பார்த்தபோது தன் முதுகிலிருந்து அப்படி ஒரு குரல் வந்ததும் அழுதுவிட்டாளாம். நிஜ அழுகை, டப்பிங் தேவையில்லாதது.

கடைசியில் ஒரு சந்தேகம் கேட்டாள். கேமராவுக்கு முதுகைக் காட்டினால் நீங்கள் எதை வேண்டுமானாலும் பேசலாமா என்று. உதடு தெரியாதவரைக்கும் பேசலாம் என்றேன். ஓகே மேடம் என்று வைத்துவிட்டாள். என்ன ஓகே என்று புரியவில்லை.

ஜூலை 22, செவ்வாய்

புரிந்துவிட்டது.

இன்று வந்த காட்சிகள் எல்லாவற்றிலும் கல்யாணி திரும்பி நிற்கிறாள். காபி கலக்கும்போது முதுகு. மாமியார் திட்டும்போது அலமாரியைத் திறந்து முதுகு. கோயிலில் சாமியைப் பார்த்து முதுகு. ஆதித்யன் கொஞ்ச வரும்போது சட்டென்று ஜன்னல் திரைச்சீலையைச் சரிசெய்ய ஓடுகிறாள். பரமேஸ்வரன் சார் மூன்று எபிசோட் பொறுத்துப் பார்த்தார்.

"இந்தப் பொண்ணுக்குக் கழுத்துல சுளுக்கா?"

பெர்சிட்டா ஒரு ஒயரைத் தேடிக்கொண்டு மேஜைக்கு அடியில் போனாள். வெகு நேரம் வெளியே வரவில்லை. நான் வாய்ஸ் ரூமில் தாளால் முகத்தை மூடிக்கொண்டு நின்றேன். சிரித்தால் டாக்டர் திட்டுவாரா என்று கேட்கவில்லை.

சார் பக்கத்திலேயே இருந்ததால் பெரிதாக ஒன்றும் செய்ய முடியவில்லை. 'சரிங்க' என்பதை ஓரிடத்தில் 'பாக்கலாங்க' ஆக்கினேன். காபி ஆறிவிட்டது, மன்னியுங்கள் என்ற இடத்தில், ஆறிவிட்டது, சூடு பண்ணிக்கொள்ளுங்கள் என்றேன். அவர் பேனாவை எடுத்தார், கொஞ்ச நேரம் யோசித்தார், மூடிவைத்தார். வீட்டில் அவர் மனைவியும் அந்தத் திங்கட்கிழமையிலிருந்து காபியைச் சூடு பண்ணித் தருவதில்லையாம். டீ இடைவேளையில் அவரே சொன்னார்.

ஜூலை 24, வியாழன்

நிறைய எழுத வேண்டும். எங்கே ஆரம்பிப்பது?

மதியம் பெர்சிட்டா டிபன் டப்பாவில் ரசவடை கொண்டுவந்தாள். ஸ்டூடியோ பின்படிக்கட்டில் உட்கார்ந்து சாப்பிட்டோம். அவளே செய்தது, மிளகு தூக்கல். முதல் எச்சரிக்கை வந்ததற்கு வருத்தமாக இருக்கிறதா, அவசரத்தில் டேக் மாறினதற்கு இவ்வளவு பெரிய பேச்சா என்று ஆறுதலாகக் கேட்டேன். அவள் வடையைப் பிட்டுக்கொண்டே சொன்னாள்:

"நான் ஒண்ணும் மாத்தி அனுப்பல மேடம். சரியானதத்தான் அனுப்புனேன்."

கையிலிருந்த வடையை டப்பாவிலேயே திரும்ப வைத்தேன். ஏன் என்று கேட்டேன். ஆறு தடவை நான் என் வயிற்றில் குத்திக்கொண்டதை அவள் கண்ணாடி வழியாகப் பார்த்துக்கொண்டிருந்தாளாம். அதற்குப் பிறகு நீங்கள்தான் தெய்வம் என்று நான் சொன்னதை எடுத்து ஊருக்கெல்லாம் அனுப்ப அவளால் முடியவில்லையாம். வேலை போனால் போகட்டும் என்று நான்காவதை அனுப்பிவிட்டு ஞாயிற்றுக்கிழமை சர்ச்சுக்குப் போய் மெழுகுவர்த்தி ஏற்றியிருக்கிறாள். என் வேலை போகக் கூடாது என்று மட்டும் வேண்டிக்கொண்டாளாம். தன்னுடையதற்கு வேண்ட மறந்துவிட்டது என்றாள்.

பிறகு அவளைப் பற்றிச் சொன்னாள். நாகர்கோவிலில் ஏழு மாப்பிள்ளைகளைத் திருப்பி அனுப்பியிருக்கிறாள். எட்டாவது வருவதற்குள் சென்னைக்கு ரயிலேறிவிட்டாள். என்ன குறை கண்டாய் என்று அவள் அம்மா கேட்டபோது உண்மையைச் சொல்லிவிட்டாளாம். இரண்டு வருஷம் அம்மா பேசவில்லை. இப்போது ஞாயிற்றுக்கிழமை தோறும் போன் செய்து, தனியாக இருக்காதே, உனக்குப் பிடித்த மாதிரி யாராவது கிடைத்தாளா என்று கேட்கிறாராம்.

"எனக்கு ஆம்பளைங்க மேல அந்த மாதிரி எதுவும் வந்ததே இல்ல. பொம்பளைங்க மேலதான் வரும். சினிமால காட்டுத மாதிரி அதுல ஒரு சாபமும் இல்ல, சோகமும் இல்ல. பஸ்ல இடம் கிடைக்கலன்னாதான் எனக்குச் சோகம்."

இத்தனை வருஷம் சினிமாவுக்கும் தொடருக்கும் பேசியிருக்கிறேன். அப்படிப்பட்ட பெண்ணுக்கு நான் ஒரு வசனம்கூடப் பேசியதில்லை. ஒரே ஒரு படத்தில் வந்தாள், கடைசி ரீலில் பைத்தியமாகிச் செத்துப்போனாள். அலறலுக்கு மட்டும் என்னைக் கூப்பிட்டார்கள். ரசவடை செய்கிற, ஏழு மாப்பிள்ளையைத் திருப்பி அனுப்பிவிட்டு நன்றாகத் தூங்குகிற பெண்ணை எவனும் எழுதவில்லை. எழுதியிருந்தால் இருபத்தாறு வயதில் அவளைப் பார்த்து எனக்கு ஏதாவது புரிந்திருக்குமோ என்று இப்போது தோன்றுகிறது. துவரம் பருப்பிலிருந்து அவரையும் காப்பாற்றியிருக்கலாம், என்னையும் காப்பாற்றியிருக்கலாம்.

மேடம் போடாமல் பேசட்டுமா என்று கேட்டாள். பேசு என்றேன். குமுதா என்று ஒரு தடவை சொல்லிப் பார்த்தாள். என் பெயரை எத்தனையோ பேர் எத்தனையோ குரலில் கூப்பிட்டிருக்கிறார்கள். டீ டம்ளரைக் கொட்டிவிட்டேன்.

ஜூலை 25, வெள்ளி

டாக்டர். வீக்கம் குறைந்திருக்கிறதாம். சந்தோஷமாக இருக்கிறீர்கள் போலிருக்கிறதே என்றார். தொண்டையில் அதெல்லாம்கூடத் தெரியுமா?

ஜூலை 27, ஞாயிறு

நாளை மன்னிப்புக் காட்சி. தாள் வந்துவிட்டது. நான்கு வரி. பத்துத் தடவை படித்தேன். பேசிவிடலாம், பெரிய விஷயமில்லை. இதைவிட மோசமானதையெல்லாம் பேசியிருக்கிறேன். பேசினால் கல்யாணி இருப்பாள், சம்பளம் இருக்கும், கண்ணாடிக்கு அந்தப் பக்கம் அவளும் இருப்பாள். பேசாவிட்டால் அந்தத் தியேட்டருக்குள் நான் போக எந்தக் காரணமும் இருக்காது. பேசத்தான் போகிறேன். முடிவு செய்துவிட்டேன்.

நீல நிறப் புடவையை இஸ்திரி போட்டேன். டப்பிங்குக்கு எதற்கு இஸ்திரி?

ஜூலை 28, திங்கள்

வெளியே நாற்காலியில் ஒரு சின்னப் பெண் தாளை வைத்துக்கொண்டு முணுமுணுத்துக்கொண்டிருந்தாள். வாய்ஸ் டெஸ்ட்டுக்கு வந்தவள். என்னைப் பார்த்ததும் எழுந்து நின்றாள். பாவம், அவள் மேல் கோபம் வரவில்லை. தண்ணீர் குடித்துக்கொள், சுடுதண்ணீர் என்று சொல்லிவிட்டு உள்ளே போனேன்.

காட்சி ஓடியது. கூடத்தில் மொத்தக் குடும்பமும் நிற்கிறது. ஆதித்யன் நடுவில் மார்பு நிமிர்த்தி நிற்கிறான். கல்யாணி அவனை நோக்கி நடந்து வருகிறாள். முகம் முழுசாகத் தெரிகிறது, வாய் மூடியிருக்கிறது. அவனுக்கு மூன்றடி முன்னால் நின்று, மெதுவாகத் திரும்புகிறாள். முதுகு. வாசலை நோக்கி நிற்கிறாள், பிறகு அந்தப் பக்கமாகவே நடக்கிறாள். வாசலை ஒட்டியிருக்கும் பூஜை அறையிலிருந்து குங்குமம் எடுத்து வந்து காலில் விழ வேண்டும், அது நாளைக்கு எடுக்கப்போகும் காட்சி. இன்றைய எபிசோட் அவள் நடக்கும்போதே முடிகிறது. திரும்பியதிலிருந்து முடிவு வரை பதினான்கு வினாடி. சம்ரிதா எனக்காக விட்டுவைத்த பதினான்கு வினாடி.

பரமேஸ்வரன் சார் கன்சோலுக்குப் பக்கத்தில் நெருங்கி உட்கார்ந்து தாளை விரலால் தொட்டுக்கொண்டிருந்தார். அதிலிருந்த முதல் வரி: "எனக்குன்னு இந்த உலகத்துல வேற யாருங்க இருக்கா?"

சிவப்பு விளக்கு எரிந்தது. நான் கீச்சுக் குரலுக்குத் தொண்டையைத் தயார் செய்துகொண்டு நிமிர்ந்தேன். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் பெர்சிட்டா ஹெட்போனை இரண்டு கையாலும் காதோடு அழுத்திப் பிடித்துக்கொண்டு என்னைப் பார்த்துக்கொண்டிருந்தாள். என்ன வந்தாலும் கேட்டுக்கொள்கிறேன் என்கிற மாதிரி.

எனக்கு யாருமில்லை என்று அவள் முகத்தைப் பார்த்துச் சொல்ல முடியவில்லை. எத்தனையோ பொய்யைச் சுருதி சுத்தமாகச் சொன்னவள் நான். இதைச் சொல்ல வாய் வரவில்லை. கல்யாணி திரும்பினாள். நான் என் குரலில் பேசினேன்.

"எனக்கு ஆள் இருக்கு. இத்தனை நாள் அது எனக்கே தெரியல. இப்பத் தெரிஞ்சிருச்சு. நான் போறேன்."

சம்ரிதா வாசலை நோக்கி நடந்தாள். சரியாகப் பதினான்காவது வினாடியில் படம் நின்றது.

சிவப்பு விளக்கு அணைந்தது. போச்சு, கல்யாணி போய்விட்டாள் என்று புரிந்தது. அழுகை வருமென்று காத்திருந்தேன், வரவில்லை. உடம்பெல்லாம் லேசாக இருந்தது. பரமேஸ்வரன் சார் மறுபடி போடச் சொன்னார். கேட்டார். மூன்றாம் முறையும் போடச் சொன்னார். பிறகு டாக்-பேக் பொத்தானை அவரே அமுக்கினார்.

"யாரும்மா அந்த ஆளு? கதைல அப்படி ஒருத்தரும் இல்லையே."

நான் வாயைத் திறப்பதற்குள் பெர்சிட்டா முந்திக்கொண்டாள். இனிமேல் வருவார்கள் சார் என்றாள்.

அவர் கூரையைப் பார்த்தார். விரல்களை மடக்கி ஏதோ யோசித்தார். பிறகு தனக்குத்தானே பேசிக்கொள்வது மாதிரி, யார் அந்த ஆள், யார் அந்த ஆள் என்றே இதை ஆறு மாதம் ஓட்டலாம் என்றார். முப்பது வருஷம் தொடர்களில் ஊறிய மனிதர். பேனாவை எடுத்து மன்னிப்பு வரிகள் நான்கையும் குறுக்கே அடித்து, மேலே என் வரியை எழுதிக்கொண்டார். எழுத்தாளருக்குத் தானே போன் செய்வதாகவும், வெளியே இருக்கிற பெண்ணுக்கு ஆட்டோ காசு கொடுத்து அனுப்பிவிட்டு வருவதாகவும் சொன்னார். கதவுவரை போனவர் திரும்பிப் பார்த்து, அந்தக் கட்டைக் குரலையே வைத்துக்கொள்ளுங்கள், பரவாயில்லை என்றார்.

கதவு மூடியது. பெர்சிட்டா கன்சோலை விட்டு எழுந்தாள். வாய்ஸ் ரூமின் கனத்த கதவைத் தோளால் தள்ளிக்கொண்டு உள்ளே வந்தாள். இந்த அறைக்குள் அவள் வந்ததே இல்லை. பஞ்சு ஒட்டிய சுவர், அவள் மூச்சுகூட எனக்குக் கேட்டது. நீ சொன்ன அந்த ஆள் யார் என்று கேட்டாள். கேட்கும்போதே அவளுக்குக் கண் கலங்கிவிட்டது. நான் அவள் கையைப் பிடித்துக்கொண்டேன், மடித்த சட்டைக் கைக்குக் கீழே, முழங்கைக்குப் பக்கத்தில். நாற்பத்தொரு வயதில் ஒரு கையைப் பிடிக்க இவ்வளவு ஆசை இருக்கும் என்று யாராவது சொல்லியிருந்தால் நம்பியிருக்க மாட்டேன். நீதான் என்று சொல்ல வாயைத் திறந்தேன். அவள் மெதுவாகக் கண்ணால் மேலே காட்டினாள்.

"மைக் ஆன்ல இருக்கு குமுதா."

"இருக்கட்டும்" என்றேன்.